பெரிய சேர்வர் எடுத்தும் நின்றுபோன கடை

ஆட்களைக் கூட்டினால் வேலை வேகமாக நடக்கும் என்பதுதான் முப்பது வருட வியாபாரத்தில் நான் கண்டது. கடந்த நோன்புப் பெருநாள் சீசன் எனக்கு வேறொரு பாடத்தைச் சொல்லித் தந்தது.

எங்கள் புடவைக் கடைக்கு இணையத்தளம் மூலமும் ஓடர் எடுக்கிறோம். சீசனை நம்பி, கூடுதல் வாடகைக்குப் பெரிய சேர்வர் ஒன்றுக்கு மாறினோம். பெருநாளைக்கு ஐந்து நாள் இருக்கையில் இரவு ஒன்பது மணிக்குத் தளம் நின்றுவிட்டது. அதைச் செய்து தந்தவர்கள், "இன்னும் பெரிய சேர்வர் எடுங்கள்" என்றார்கள். மகன்தான் பிழைப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "வாப்பா, சேர்வர் போதாமல் இல்லை. கணக்குத்தான் பிழை" என்றான்.

விளங்கும்படி சொல்கிறேன். சரக்கு, விலை, ஓடர் எல்லாம் இருக்கும் ஸ்டோர்தான் டேட்டாபேஸ். அங்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போன் எடுத்தால் நேரம் வீண். ஆகவே சில லைன்களை வெட்டாமல் வைத்திருப்பார்கள். அதுதான் கனெக்ஷன் பூல். ஆனால் பூல் முழுக் கடைக்கும் ஒன்றல்ல. மென்பொருளின் வேர்க்கர் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பூல் வைத்திருக்கும்.

எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மாற்றாமல் விட்டால் 100 லைன்தான் தரும். அதிலும் 3 நிர்வாகிக்கு, மிச்சம் 97. நாங்கள் பாவிக்கும் எஸ்கியூஎல்அல்கெமியின் பூல் சாதாரணமாக 5 லைன் வைத்திருக்கும், நெருக்கடியில் மேலும் 10 எடுக்கும். ஆக வேர்க்கருக்கு 15. எங்கள் வேர்க்கர் ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளரைக் கவனிக்கும். எனவே கூட்ட நேரத்தில் 15உம் தேவைப்படும்.

பழைய சேர்வரில் 5 வேர்க்கர்: 75 லைன். புதியதில் 9 வேர்க்கர்: 135. சாதாரண நாளில் இது வெளியே தெரியாது. கூட்டம் வந்ததும் 97ஐத் தாண்டி, டேட்டாபேஸ் கதவை மூடிவிட்டது.

100ஐ 300 ஆக்கினால் என்ன என்று கேட்டேன். போஸ்ட்கிரெஸில் லைன் ஒவ்வொன்றுக்கும் தனி புரொசெஸ் ஓடும், மெமரி தின்னும் என்றான். மகன் கூடுதலை 10இலிருந்து 3ஆகக் குறைத்தான். 9 தடவை 8, 72. மிச்சம் 25 கணக்கறிக்கைக்கும் பெக்கப்புக்கும். லைன் கிடைக்காத கோரிக்கை சற்றுக் காத்திருக்கும். திருப்பி அனுப்புவதைவிட வரிசையில் நிற்க வைப்பது மேல். சேர்வர்கள் பலவானால், லைன்களைப் பகிர்ந்து கொடுக்கப் பீஜிபவுன்சர் என்ற இலவச மென்பொருளை நடுவில் வைக்கலாம்.

இன்னுமொன்று. வேர்க்கர்கள் பிரியுமுன் திறந்த லைனை இருவர் பாவித்தால் ஒருவருக்குரிய பதில் மற்றவருக்குப் போய்விடும். வேர்க்கர் பிரிந்த பிறகே தன் லைனைத் திறக்க வேண்டும்.

உங்கள் மென்பொருள்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வேர்க்கர் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் உச்சமாக எத்தனை லைன்? டேட்டாபேஸ் தருவது எத்தனை? முதலிரண்டையும் பெருக்கிப் பாருங்கள். மூன்றாவதை விடக் கூடினால், சேர்வருக்குக் காசு கொடுக்குமுன் கணக்கைத் திருத்துங்கள். அன்றிரவு நாங்கள் இழந்த ஓடர்கள் திரும்பி வரவில்லை.