வௌவால் மட்டுமா காரணம்?

நிபா வைரஸ் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் வௌவால் படமும் கூடவே வருகிறது. பழந்தின்னி வௌவால்கள் இந்த வைரஸைச் சுமப்பது உண்மைதான். ஆனால் அது மனிதரை வந்தடையும் பாதையைப் பல இடங்களில் திறந்துவிட்டவர்கள் மனிதர்களே.

1998இல் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் கடும் காய்ச்சலாலும் மூளை அழற்சியாலும் பாதிக்கப்பட்டனர். அங்கே பன்றிக் கொட்டில்களை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைத் தின்ற பன்றிகளுக்கு முதலில் தொற்றியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைக்கப்பட்ட பன்றிகளிடையே பரவிய வைரஸ், அவற்றைப் பராமரித்தவர்களுக்கும் தொற்றியது. நுளம்பால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்ததால், நுளம்பு ஒழிப்பில் மாதங்கள் கழிந்தன. அதற்குள் விற்கப்பட்ட பன்றிகளுடன் நோய் வேறு மாநிலங்களுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. மலேசியாவில் 105 பேர் இறந்தனர். சுமார் 10 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

பங்களாதேஷில் பாதை வேறு. குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் தண்டைச் சீவி, இரவில் பானை கட்டிச் சாறு எடுக்கிறார்கள். பனையில் முட்டி கட்டுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது எளிதில் விளங்கும். வௌவால்கள் அந்தச் சாற்றை நக்குவது இரவுக் கமராக்களில் பதிவாகியுள்ளது. விடிந்ததும் அதைப் பச்சையாகக் குடிப்பவர்களுக்கு நோய் தொற்றுகிறது. சீவிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அணுகாது. சாற்றைக் கொதிக்க வைத்தால் வைரஸ் அழியும்.

அவுஸ்திரேலியாவில் நிபாவுக்கு நெருங்கிய ஹென்ட்ரா வைரஸ் 1994இல் கண்டறியப்பட்டது. குளிர்காலத்தில் பூக்கும் காடுகள் அழிக்கப்பட்டதால், பசித்த வௌவால்கள் ஊர்களுக்கும் குதிரைகள் மேயும் இடங்களுக்கும் வந்தன. வைரஸ் குதிரைகளுக்கும், அவற்றிலிருந்து மனிதருக்கும் தொற்றியது. எஞ்சிய காடுகள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் அங்கே திரும்பின, குதிரைகளுக்குத் தொற்றுவதும் நின்றது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே வௌவால்களைக் கொல்வது தீர்வல்ல. அவற்றின் காட்டை விட்டுவைப்பதும், எங்கள் உணவையும் கால்நடைகளையும் அவற்றின் எச்சிலிலிருந்து காப்பதுமே தீர்வு. கேரளத்திலும் 2018 முதல் நிபா பலமுறை தோன்றியுள்ளது. விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வைப்போம்: மரத்தடியில் கிடக்கும் கடிபட்ட பழம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் எடுக்க வேண்டாம்.