வியன்னாவில் மூண்டது, வந்தவாசியில் எரிந்தது

"எங்கேயோ ரெண்டு நாடு முறைச்சிக்கிட்டா, உலகமே எப்படி சார் சண்டைக்குப் போகுது?" உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் பேப்பரை மடித்துக்கொண்டே ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி தம்பி. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்தவாசி. 1760 ஜனவரி 22-ஆம் தேதி இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே மோதிக்கொண்டார்கள். அவர்களுக்கு வந்தவாசியில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே பின்னால் போவோம்.

1740-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்த கையோடு, பிரஷ்யாவின் பிரெடரிக் அவருடைய சைலீசியாவைப் பறித்தார். பிரான்ஸ் பிரஷ்யாவின் பக்கம் நின்றது, பிரிட்டன் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது. 1744-இல் பிரான்சும் பிரிட்டனும் நேருக்கு நேர் போரில் இறங்கின. நாம் இங்கே வியாபாரத்தைப் பார்ப்போம், சண்டை வேண்டாம் என்று புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சென்னைக்குச் சொல்லி அனுப்பினார். ஆனால் பிரிட்டிஷ் மன்னரின் போர்க்கப்பல்கள் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவை வந்து பிரெஞ்சுச் சரக்குக் கப்பல்களைப் பிடித்தன. 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள்.

அதே ஆண்டு அடையாற்றுக் கரையில் ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் சுமார் பத்தாயிரம் வீரர்களை, ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படை விரட்டியடித்தது. அன்றிலிருந்து பதவிக்கு ஏங்கிய ஒவ்வொருவருக்கும் அந்தத் துப்பாக்கிகள் மேல் கண்.

1748-இல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனது. கனடாக் கரையிலுள்ள லூயிபர்க் கோட்டை பிரான்சுக்கும், சென்னை இங்கிலீஷ்காரருக்கும் திரும்பின. என் கணக்கில் ஆபத்தான ஆண்டு இதுதான். போர் முடிந்தும் படைகள் இங்கேயே இருந்தன. சம்பளம் கொடுத்தாக வேண்டும், வேலையோ இல்லை. இங்கிலீஷ், பிரெஞ்சு என்ற இரண்டு கும்பினிகளும் அவற்றை உள்ளூர்ச் சண்டைகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தன. ஆற்காட்டுப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சு உதவி கிடைத்தது. 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி, இங்கிலீஷ்காரரைப் பிடித்துக்கொண்டார்.

ஊரில் பங்காளிகள் இருவரும் பின்னால் ஆளுக்கொரு பெரிய மனிதரை நிறுத்திக்கொண்டால், நாலு அடி வரப்பு பெரிய மனிதர்களின் மானப் பிரச்சினையாகிவிடும். ஆற்காட்டில் நடந்ததும் அதுதான். லண்டனும் பாரிசும் கைகுலுக்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இங்கே இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டன.

இதை நிறுத்த முடியாமல் இல்லை. நிறுத்தினார்கள். 1754-இல் டூப்ளேயைத் திருப்பி அழைத்தார்கள். அவருக்குப் பின் வந்த கொதேயும் சென்னை கவர்னர் சாண்டர்ஸும் ஒப்பந்தம் பேசி முடித்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது, ஏனென்றால் அதே ஆண்டில் அமெரிக்காவின் ஓஹியோ காடுகளில் பிரெஞ்சு, பிரிட்டிஷ் குடியேற்றக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட ஆரம்பித்திருந்தார்கள். 1756-இல் அது ஏழாண்டுப் போராக வெடித்தது. இந்த முறை ஆஸ்திரியா பிரான்சின் பக்கம், பிரஷ்யா பிரிட்டனின் பக்கம். கூட்டாளிகள் மாறினார்கள். பிரான்சும் பிரிட்டனும் மட்டும் எதிரெதிரே நின்ற இடத்திலேயே நின்றன. இங்கே எழுதிய ஒப்பந்தம் காற்றில் போனது.

1757-இல் இங்கிலீஷ் படை வந்தவாசிப் பேட்டைக்குத் தீ வைத்தது. பதிலுக்குப் பிரெஞ்சுப் படை காஞ்சிபுரத்தைக் கொளுத்தியது. தறியும் நெல்லும் வைத்திருந்தவர்களுக்கு சைலீசியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தன் இடப்பக்கத்துக்கு ஒரு குளக்கரையை அரணாக வைத்துக்கொண்டார். பாசனத்துக்குப் போட்ட கரை பீரங்கி மேடையானது. நடுப்போரில் அங்கிருந்த வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறியது. அந்தக் குழப்பத்தில் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டின் ஆட்கள் குளத்தைப் பிடித்தார்கள், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. 1763-இல் முகமது அலி, பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்கும் ஈடாகச் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார்.

அத்தோடும் முடியவில்லை. 1778-இல் பிரான்ஸ் அமெரிக்க விடுதலைப் போரில் சேர்ந்தது. அதைச் சாக்கிட்டு இங்கிலீஷ்காரர் பிரெஞ்சு வசமிருந்த மாகியைப் பிடித்தார்கள். தன் பாதுகாப்பில் உள்ள துறைமுகம், தொடாதே என்று மைசூரை ஆண்ட ஹைதர் அலி எச்சரித்திருந்தார். 1780-இல் அவர் மலை இறங்கி வந்து, செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார். கும்பினிப் படைக்குத் தீனி கிடைக்கக் கூடாதென்று அவருடைய குதிரைப்படை சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களின் பயிரை அழித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் செங்கல்பட்டுச் சீமையில் பஞ்சம்.