கொள்ளுப் பையில் குடியிருக்கும் தண்ணீர்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டைலராக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிக் கிடக்கின்றன. ஆன்லைனில் மூலிகை ஒத்தடப் பை விற்கிறார்கள். மைக்ரோவேவில் வைத்தால் சூட்டு ஒத்தடம், ஃப்ரீசரில் வைத்தால் குளிர் ஒத்தடமாம். விலைதான் கட்டுப்படியாகவில்லை. எங்கள் ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை, வீட்டில் கொள்ளு இருக்கிறது. நாமே தைத்துக்கொள்ளலாமா? அந்த மூலிகைகள் உண்மையில் என்ன செய்கின்றன?"

தாராளமாகத் தைத்துக்கொள்ளலாம். மூலிகைகள் செய்வது கொஞ்சம்தான். அந்தப் பையில் பெரும்பங்கு வேலை பார்ப்பது, எந்த விளம்பரத்திலும் பெயர் வராத ஒரு பொருள்: தண்ணீர். தானியத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தண்ணீர்.

கடையில் வாங்கிய கொள்ளைக் கையில் அள்ளிப் பாருங்கள். கலகலவென்று உதிரும், ஈரத்தின் சுவடே இருக்காது. ஆனால் நன்றாகக் காயவைத்துச் சேமித்த தானியத்தில்கூட எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் உண்டு. ஒரு கிலோ கொள்ளில் அரை டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தத் தண்ணீர் சொட்டாகத் தேங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு தனித்தனியே இருக்கிறது. ஒத்தடப் பை சூடாவது, சூட்டைத் தோலுக்குக் கொடுப்பது, ஃப்ரீசரில் கல்லாக இறுகாமல் இருப்பது, பழசானால் தீப்பிடிப்பது என எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒட்டுதல்தான்.

ஷிஃப்ட் விடும் நேரத்தில் அவிநாசி போகும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர், நின்றபடி நெரிபடும் கூட்டம். கொள்ளுக்குள் இருக்கும் தண்ணீரோ சீட்டில் இடம் பிடித்துவிட்ட பயணிகள். மாவுச்சத்தும் புரதமும்தான் சீட்டுகள். மைக்ரோவேவ் அடுப்பின் மின்புலம் ஒரு விநாடிக்கு சுமார் 245 கோடி முறை திசை மாறி மாறி அலைகிறது. ஓட்டுநர் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மாற்றி மாற்றி மிதிப்பது போல. நிற்பவர் அளவுக்கு ஆடாவிட்டாலும், உட்கார்ந்திருப்பவரும் முன்னும் பின்னும் உலுக்கப்பட்டுப் பக்கத்தில் இருப்பவரை இடிக்கிறார். அந்த இடிதான் வெப்பம். சீட்டுகளுக்கு இந்த உலுக்கல் பெரிதாக உறைக்காது. ஆடும் பயணிகள் வழியாகத்தான் பஸ் முழுதும் சூடேறுகிறது.

சூடு ஏற ஏறச் சிலர் இறங்கத் தொடங்குகிறார்கள். மூன்று பேர் சீட்டில் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்த நான்காவது ஆள் முதலில் எழுந்துவிடுவார். ஜன்னலோரம் அழுத்தமாக உட்கார்ந்தவரை எழுப்பத்தான் அதிகச் சிரமம். தானியத்திலும் இதே கதைதான். தளர்வாக ஒட்டிய நீர் முதலில் ஆவியாகும். ஈரம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் ஒவ்வொரு கிராமையும் வெளியேற்றக் கூடுதல் ஆற்றல் வேண்டும்.

இறங்கியவர்கள் எங்கே போகிறார்கள்? எதிரில் காலி சீட்டுகளோடு இன்னொரு பஸ் நிற்கிறது. அதுதான் பருத்தித் துணி. பருத்தி இழையில் தண்ணீருக்கு ஏராளமான இடம் உண்டு. நூல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பருத்தி நூலை எடை போட்டு விலை பேசும்போது, காய்ந்த இழையின் எடையில் 8.5 சதவீதம் வரை ஈரம் இருப்பது இயல்பு என்று கணக்கில் சேர்ப்பார்கள். பாலியஸ்டருக்கு அந்தக் கணக்கு வெறும் 0.4 சதவீதம். சீட்டே இல்லாத வண்டி அது.

இனி இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். எழுந்து இறங்க ஒரு பயணி செலவழித்த ஆற்றல் முழுவதும், அடுத்த பஸ்ஸில் அவர் உட்காரும்போது வெப்பமாகத் திரும்பி வருகிறது. ஒரு கிராம் நீராவி தோலின் மேல் படிந்தாலும் பருத்தி இழையில் ஒட்டினாலும் 540 கலோரிக்குக் குறையாமல் வெப்பம் வெளிப்படும். அதே ஒரு கிராம் வெந்நீர் 60 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஆறும்போது கொடுப்பது 20 கலோரிதான். ஒரு தடவை சூடாக்கும்போது பையிலிருந்து பத்து கிராம் தண்ணீர் ஆவியாகி அவ்வளவும் துணியிலும் தோலிலும் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிவரும் 5,400 கலோரி, அரை லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரிக்கு மேல் சூடேற்றும். ஒரு பகுதி காற்றோடு போகும் என்றாலும், கொள்ளு மெல்ல ஆறிக்கொண்டே ஈரச் சூட்டைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் சூடாக்கும் முன்னும் ஒத்தடம் முடிந்த பின்னும் பையை நிறுத்துப் பாருங்கள். குறைந்திருக்கும் கிராம்கள்தான் இறங்கிப்போன பயணிகள். மணலையும் கல்லுப்பையும் வறுத்துக் கட்டும் ஒத்தடத்தில் சூடு உண்டு, இந்தப் போக்குவரத்து கிடையாது. காய்ந்த மணல் மைக்ரோவேவில் சரியாகச் சூடேறாததற்கும் காரணம் இதுவே.

ஃப்ரீசர் கதையும் இதே பஸ்ஸில்தான். தண்ணீர் பனிக்கட்டியாக வேண்டுமானால் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு கைகோத்து வளையம் வளையமாக அணிவகுக்க வேண்டும். நிற்கும் கூட்டத்துக்கு அது முடியும். சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர் எழுந்து வர முடியாதே! அதனால்தான் கொள்ளுப் பை மைனஸ் 18 டிகிரியிலும் உதிரியாகவே இருக்கிறது. முழங்காலைச் சுற்றி வளைத்துக் கட்டலாம். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பனிக்கட்டி உருகும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும். உறையாத கொள்ளில் அந்தச் சேமிப்பு இல்லை. மைனஸ் 18-லிருந்து 20 டிகிரி வரை ஏறுவதற்குள் ஒரு கிராம் கொள்ளு உறிஞ்சுவது சுமார் 15 கலோரி மட்டுமே. 'பல மணி நேரம் குளிர்ச்சி' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கு தாங்காது. தானியப் பை தருவது மிதமான, சீக்கிரம் தீர்ந்துவிடும் குளிர்ச்சி. கால் பிசகி வீங்கினால், துணியில் சுற்றிய ஐஸ் கட்டிதான் சரி.

இனி மூலிகைக்கு வருவோம். நம் வீடுகளில் நொச்சி இலையையும் ஆமணக்கு இலையையும் பச்சையாகவே வதக்கித்தான் ஒத்தடம் கொடுத்தார்கள். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். வதக்கிய இலை ஈரச் சூட்டைத் தோலில் ஒட்டவைக்கும் நல்ல சாதனம். அதே இலையைச் சருகாகக் காயவைத்துப் பையில் போட்டு ஆறு மாதம் விற்கும்போது, தண்ணீரும் போய்விட்டது, ஆவியாகும் எண்ணெயும் ஒவ்வொரு சூட்டிலும் கரைகிறது. மிஞ்சுவது லேசான மணம். மணம் மனதுக்கு இதம் தரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'நச்சு நீக்கும்', 'எலும்பு வரை ஊடுருவும்' என்பதெல்லாம் வெறும் விளம்பரப் பேச்சு. இப்படித் தோலின் மேல் வைக்கும் சூடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் சொல்லிக்கொள்ளும்படி இறங்கும்.

வலி ஏன் குறைகிறது என்பதற்கு நல்ல விளக்கங்கள் உண்டு. சூட்டில் ரத்த ஓட்டம் கூடுகிறது, தசை தளர்கிறது. பை தோலில் படும்போது எழும் தொடுதல், அழுத்தம் போன்ற உணர்வுகளின் நரம்புச் செய்தி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தும் என்பது 1965-ல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் தந்த விளக்கத்திலிருந்து கிடைப்பது. தோல் சூட்டை உணரும் மூலக்கூறு வாயிலை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குளிரை உணரும் வாயில் 2002-ல் தெரியவந்தது. யூகலிப்டஸ் தைலம் தடவினால் குளுகுளுவென்று இருப்பது, அதிலுள்ள சினியோல் இந்த வாயிலைத் திறப்பதால்தான். திடீர் இடுப்பு வலிக்குச் சூட்டு ஒத்தடம் குறுகிய காலத்துக்குச் சிறிதளவு நிவாரணம் தருகிறது என்பது காக்ரேன் அமைப்பு 2006-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின் முடிவு. 'சிறிதளவு', 'குறுகிய காலம்' என்ற இரண்டையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

வரலாறு சுருக்கமாக. சித்த மருத்துவம் வகுத்திருக்கும் 32 புற மருத்துவ முறைகளில் ஒத்தடமும் ஒன்று. வேது, பொட்டணம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ரேடார் கருவிகள் தயாரித்த அமெரிக்க நிறுவனம் ஒன்றில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர், 1945-ல் தம் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்ததிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது. இந்த இரண்டையும் சேர்த்தால் இன்றைய ஒத்தடப் பை.

தைக்கும் முறைக்கு வருவோம். துணி நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். கட்டிங் வேஸ்ட்டில் எடுத்த துண்டு என்றால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகி, ஆறியதும் முனையில் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர் கலந்தது. அதை ஒதுக்குங்கள். லைக்ரா கலந்த ரிப் துணியும் வேண்டாம். சிங்கிள் ஜெர்சி எடை தாங்காமல் தொய்யும், ஓரம் சுருளும். இன்டர்லாக் துணி நின்று உழைக்கும். ஃபாயில் பிரிண்ட், ஜிப், உலோகப் பொத்தான் எதுவும் கூடாது. உலோகம் மைக்ரோவேவில் பொறி பறக்கவிடும். தைக்கவும் பருத்தி நூலே நல்லது.

கழுத்துக்கு 15 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் நீளம் போதும். குறுக்கே தையல் போட்டு நான்கு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் கொள்ளு நிரப்புங்கள். கொள்ளு தட்டையானது, வழுக்கி நகர்ந்து தோள்பட்டையின் வளைவுக்கு இணங்கிக் கொடுக்கும். தவிட்டு ஒத்தடம் நல்லதுதான், ஆனால் அதை அவ்வப்போது புதிதாக வறுத்துக் கட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள தவிட்டைப் பையில் அடைத்துவைத்தால் சிக்குப் பிடித்துவிடும். மேலுறை ஒன்றைத் தனியாகத் தைத்துக்கொண்டால் அதை மட்டும் துவைக்கலாம். கொள்ளுப் பையைத் துவைக்காதீர்கள், முளைவிடும் அல்லது பூசணம் பிடிக்கும். மணம் வேண்டுமென்றால் காய்ந்த நொச்சி இலை ஒரு கைப்பிடி போதும். தைலத்தை மட்டும் ஊற்ற வேண்டாம். யூகலிப்டஸ் தைலத்தின் ஆவி 50 டிகிரியை ஒட்டியே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். கற்பூரமும் கூடாது.

சூடாக்கும்போது ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் குலுக்கி, போதாவிட்டால் மறுபடி அரை நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் சூடு சமமாகப் பரவாது, பையின் ஓரிடம் ஆறியிருக்கும்போதே மற்றோரிடம் சுடும். குலுக்கச் சொல்வது அதற்காகத்தான். அடுப்புக்குள் பையின் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பதையும் மறக்காதீர்கள். ஈரம் இருக்கும் வரை, ஆவியாதல் தானியத்தின் சூட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும். பலமுறை சூடாக்கி ஈரம் வற்றிய கொள்ளுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. 'முன்போலச் சூடாகவில்லையே' என்று நேரத்தைக் கூட்டும்போது ஏதோ ஓர் இடம் மட்டும் கருகிப் பற்றிக்கொள்ளும். எனவே ஒரு தடவை பயன்படுத்தினால் ஒரு நாள் காற்றாட விடுங்கள், காற்றின் ஈரம் மெல்லத் திரும்ப ஏறும். கருகல் வாசனை வந்தால் கொள்ளை மாற்றிவிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பதானால் பிளாஸ்டிக் கவருக்குள் இறுகக் கட்டி வையுங்கள். மைக்ரோவேவ் இல்லாத வீட்டில், கொள்ளை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துப் பையில் கொட்டிக்கொள்ளலாம்.

எதுவானாலும் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே கழுத்தில் வையுங்கள். 15 நிமிடம் போதும். தோலில் 44 டிகிரிச் சூடு புண்ணாக்க 6 மணி நேரம் ஆகும், 60 டிகிரிக்குச் சுமார் 5 விநாடி போதும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1947-லேயே காட்டிவிட்டார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் சூட்டு ஒத்தடத்தைத் தவிர்ப்பதே நல்லது. சூடு அவர்களுக்கு உறைக்காது, புண் மட்டும் தெரியும்.

முடிவாக வாசகிக்கு: மூலிகைப் பைக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் தையல் திறமைக்கு முன்னால் அந்தப் பை ஒன்றுமே இல்லை. ஆனால் ஒத்தடம் அன்றைய இரவின் வலியைத்தான் ஆற்றும். முதுகு சாய வழியில்லாத ஸ்டூலில் குனிந்து ஒன்றரை ஷிஃப்ட் தைப்பதால் வரும் வலி மறுநாளும் வரும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, வலி கைக்கு இறங்கி விரல் மரத்தாலோ, இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். இதைப் படிக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் டைலர்களுக்கு முதுகு சாயும், உயரம் மாற்றக்கூடிய நாற்காலி வாங்கிப் போடுங்கள். எந்த ஒத்தடப் பையையும்விட அது நல்ல மருந்து.