கோப்பில் மறைந்துறையும் கோல மாற்றங்கள்

கணினியில் எழுதப்படும் கட்டுரையொன்றில் இருவகை மாற்றங்கள் நிகழ்தல் கூடும். சொல்லைச் சேர்த்தலும் நீக்கலும் ஒருவகை. சொல் அவ்வாறேயிருக்க, அதன் எழுத்துரு, பருமன், தடிப்பு, அடிக்கோடு, வரியிடைவெளி ஆகியன மாறுதல் மற்றொருவகை. முன்னையது படிப்போர்க்கு எளிதிற் புலனாகும். பின்னையது பெரும்பாலும் புலனாகாது. புறக்கோலந்தானே என்று அதனைப் பொருட்படுத்தாது விடுவாருமுளர். அது தகாதென்பதையும், அம்மாற்றங்களைக் கண்டறியும் வழிகளையும் ஈண்டுக் கூறுவாம்.

பத்தின் ஐந்தாம் அடுக்கு 100,000 ஆகும். மேலே சிறிதாய் நிற்கும் 5 வரிமட்டத்துக்கு இறங்கிவிடின் அது 105 என்றாகும். குறியொன்றும் மாறவில்லை, எண்ணோ மாறிவிட்டது. ‘அடிக்கோடிட்ட சொல்லுக்கு எதிர்ச்சொல் தருக’ என்னும் வினாவிற் கோடு மறைந்தால், மாணாக்கன் எதற்கு விடையெழுதுவான்?

தமிழுக்கோ இவ்விடர் இன்னும் பெரிது. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவந்த பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என எழுதுங்கால், கோப்பினுட் பதிவாவன எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகளே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அவ்வுரு மாறியவுடன் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றும். யூனிக்கோட் முறையில் தமிழுக்கெனத் தனிக் குறியெண்கள் உளவாதலின் இக்கேடு நேராது.

இனி, மைக்ரோசொப்ற் வேட் மென்பொருளில் இவற்றைக் காணும் வழிகள் மூன்றினைக் கூறுவாம்.

முதலாவது, பதிவுசெய்தல். கோப்பினைப் பிறர் கையிற் கொடுக்குமுன் ‘றிவியூ’ பகுதியிலுள்ள ‘ட்ராக் சேஞ்சஸ்’ என்பதனை இயக்கிவிடுதல் வேண்டும். கோப்பு மீண்டபின் ‘ஷோ மார்க்கப்’ பட்டியலிற் ‘போமற்றிங்’ என்பதற்கெதிரே சரிக்குறி உளதாவென நோக்குக. அக்குறி இல்லையாயின் கோல மாற்றங்கள் பதிவாகியிருந்தும் கண்ணுக்குத் தோன்றா. அந்நிலையில் எல்லா மாற்றங்களையும் ஒருங்கே ஏற்குமாறு பணித்தால், காணாதவற்றையும் ஏற்றவராவோம். ஏனைக் குறிகளை நீக்கிப் ‘போமற்றிங்’ ஒன்றினை மட்டும் நிறுத்தினால், கோல மாற்றங்களைத் தனியே ஆராயலாம்.

இரண்டாவது, ஒப்புநோக்கல். மாற்றங்கள் பதிவாகாதவிடத்து இதுவே துணை. ‘கொம்பெயர்’ என்னுங் கட்டளைக்கு மூலப்பிரதியையும் திருத்திய பிரதியையும் கொடுத்தால், வேறுபாடுகள் யாவும் புதியதொரு கோப்பிற் குறிக்கப்படும், பிரதிகளிரண்டும் ஊறின்றியிருக்கும். ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்களின் நாட்டினராகிய நமக்கு இம்முறை புதிதன்று. ஆயினும், இங்கு மூலப்பிரதி கையிலிருந்தாலன்றி ஒப்புநோக்கல் இயலாது.

மூன்றாவது, ஓரிடத்தை நுணுகி நோக்கல். ஐயுறவுக்குரிய சொல்லைத் தெரிந்துகொண்டு ‘ஷிப்ட்’ விசையுடன் ‘எப் 1’ விசையை அழுத்தினால், அச்சொல்லின் எழுத்துரு, பருமன், பந்தியமைப்பு முதலியன பக்கத்தே விரியும். அங்கே இருவேறு பகுதிகளை ஒப்பிடவும் இயலும். ‘கொன்ரோல்’, ‘ஷிப்ட்’, 8 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால், பந்தி முடிவுக் குறிகளும், மறைவெழுத்தாக்கப்பட்ட பகுதிகளும் வெளிப்படும். பந்தியின் அமைப்பு அதன் முடிவுக் குறியிலேயே தங்கியுள்ளமையால், அக்குறியை அழித்தோர் தம்மையறியாமலே பந்தியின் கோலத்தையும் மாற்றிவிடுகின்றனர்.

ஆசிரியரும், மாணவரும், மலர் தொகுப்போரும் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கொன்றுண்டு. கோப்பினை அனுப்புமுன் தீண்டாப் பிரதியொன்றைத் தனியே சேமித்துவைத்தல் வேண்டும். மீண்டு வந்ததும், அச்சுக்குச் செல்லுமுன், அதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இப்பணியைச் செய்யாது விடின், அச்சேறியபின் பிழைதிருத்தப் பட்டியலன்றி வேறு பரிகாரமில்லை.