கொதிக்க அஞ்சாது, புளிக்கு அஞ்சும்

பாலை ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்துக் காய்ச்சினாலும் திரியாது. சுண்டும், ஏடு கட்டும், கிளறாமல் விட்டால் அடிபிடிக்கும், அவ்வளவுதான். அதே சூடான பாலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால், கரண்டியை எடுத்து வருவதற்குள் வெள்ளைத் திப்பி வேறு, பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் வேறு என்று பிரிந்துவிடுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு நேர்மாறு: சூடு பட்டாலே கெட்டிப்படும். பாலிலும் புரதம், முட்டையிலும் புரதம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பசும்பாலில் லிட்டருக்கு 32 முதல் 35 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். மிச்சம் ஒரு பங்கு, திரிந்த பாலின் தெளிந்த நீரோடு போய்விடக்கூடிய புரதங்கள். இவற்றைத் தெளிநீர்ப் புரதங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மடியில் சுரந்தாலும் இரண்டுக்கும் குணம் எதிரெதிர். கேசின் கொதியைத் தாங்கும், புளிப்பைத் தாங்காது. தெளிநீர்ப் புரதங்கள் புளிப்பைத் தாங்கும்; 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குலையத் தொடங்கும். பால் புழங்கும் எந்த நாட்டுச் சமையலறையை எடுத்துக்கொண்டாலும், இந்த இரண்டில் எதை எப்போது உறைய வைப்பது, எதை உறையாமல் காப்பது என்பதுதான் அங்கே நடக்கும் வேலை.

கேசின் தனித்தனி மூலக்கூறாகப் பாலில் மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்ட நுண்ணிய உருண்டைகளாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஐயாயிரம் உருண்டைகளை வரிசையாக அடுக்கிவிடலாம். ரம்புட்டான் பழத்தைப் போல ஒவ்வோர் உருண்டையின் மேலும் மயிர் சிலிர்த்திருக்கும். அந்த மயிர்களில் உள்ள எதிர்மின்னூட்டம் ஓர் உருண்டையை இன்னொன்று நெருங்கவிடாது. அமிலம் சேர்ந்தால் மின்னூட்டம் அடங்கிவிடுகிறது. உள்ளே பிணைத்திருந்த கால்சியமும் கரைந்து வெளியேறுகிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆறிய பாலில் இது முழுமையாக நடக்க, புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6 ஆகக் குறையும் வரை புளிக்க வேண்டும். பால் சூடாக இருந்தால் அதைவிடக் குறைந்த புளிப்பே போதும். கொதிக்கும் பால் பாயசத்தில் வெல்லத்தைப் போட்டதும் திரிந்துபோவது இதனால்தான். வெல்லத்தில் கொஞ்சம் அமிலமும் தாது உப்புகளும் உண்டு. இறக்கி, சூடு தணிந்த பிறகு வெல்லப்பாகைச் சேர்க்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

கேசின் இப்படி என்றால், சீம்பால் எப்படி உறைகிறது? எலுமிச்சையும் இல்லை, உறைமோரும் இல்லை. கன்று ஈன்ற மாட்டின் முதல் பாலில் வெல்லமும் ஏலக்காயும் கலந்து, கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் வைத்தால் போதும். கத்தியால் துண்டு போடும் அளவுக்குக் கெட்டிப்படுகிறது. முதல் கறவையில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு புரதம், அதாவது வழக்கமான பாலைவிட நான்கு மடங்கு. கூடுதலாக இருப்பதில் பெரும்பகுதி கன்றுக்கான நோய் எதிர்ப்புப் புரதங்கள். இவை தெளிநீர்ப் புரதக் கூட்டத்தைச் சேர்ந்தவை. எனவே வெள்ளைக்கரு வேகிற அதே முறையில் சீம்பால் வேகிறது. இரண்டு மூன்று நாளில் இந்தப் புரதங்கள் குறைந்துவிடுவதால், அதன் பிறகு கறக்கும் பாலை எவ்வளவு நேரம் ஆவியில் வைத்தாலும் உறையாது. பிறந்த கன்றின் குடல் இந்த எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உறிஞ்சுவது முதல் ஒரு நாள் மட்டும்தான். அதனால் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதே நம் பங்கு.

ஐஸ்லாந்திலும் இதே பண்டம் உண்டு. அங்கே பெயர் ஆப்ரிஸ்டிர்; சூடான நீருக்குள் பாத்திரத்தை வைத்து உறைய வைத்து, லவங்கப்பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிச் சாப்பிடுகிறார்கள். பின்லாந்தில் சீம்பாலை ஓவனில் வைத்து மேல்பக்கம் சிவக்கச் சுடுகிறார்கள். சீம்பால் கிடைக்காத நகரத்துக் குடும்பங்கள் சாதாரணப் பாலில் முட்டையைக் கலந்து அதே பண்டத்தைச் செய்துகொள்கின்றன. விட்டுப்போன புரதத்துக்குப் பதில் இன்னொன்று, கணக்கு சரியாகிவிடுகிறது.

பால் சமையல் என்றால் யாருக்கும் சீனா நினைவுக்கு வராது. ஆனால் குவாங்தோங் மாகாணத்தில் எருமைப்பால் வைத்துச் செய்யும் இரண்டு பண்டங்களைப் போல் நுணுக்கமானவை உலகில் குறைவு என்பேன். சுண்டே பகுதியில் செய்வது இரட்டை ஏட்டுப் பால். சூடான பாலைக் கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். ஏடு கட்டியதும் ஓரத்தில் சிறு கீறல் போட்டு, ஏடு கிண்ணத்திலேயே தங்கும்படி பாலை மட்டும் வடித்து, அதில் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்து, மறுபடி அதே கீறல் வழியாக ஊற்றுகிறார்கள். ஏடு மேலே மிதந்து வரும். ஆவியில் வெந்த பிறகு பழைய ஏட்டின் அடியில் புதிய ஏடும் உருவாகியிருக்கும்.

மற்றொன்று இஞ்சிப் பால். குவாங்ஜௌ நகரத்தை ஒட்டிய ஷாவான் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. முற்றிய இஞ்சியை அப்போதே துருவிப் பிழிந்த சாறு கொஞ்சம் கிண்ணத்தின் அடியில். சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பாலை 70 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, சற்று உயரத்திலிருந்து ஒரே ஊற்றாகச் சாற்றின் மேல் ஊற்றுகிறார்கள். பிறகு கிண்ணத்தைத் தொடக் கூடாது. சில நிமிடங்களில் பால் உறைந்து, மேலே வைத்த கரண்டி மூழ்காமல் நிற்கும். இஞ்சியில் உள்ள ஒரு நொதி, கேசின் உருண்டையின் மயிரை நறுக்கிவிடுகிறது. மயிர் போனால் தள்ளும் விசையும் போயிற்று. பால் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் நொதி செத்துவிடும். ஆறிப்போயிருந்தால் அது வேலை செய்யாது. பிழிந்து பல மணி நேரம் வைத்த சாறும் பயன்படாது.

நம் வீட்டில் இஞ்சி டீ சில நாள் திரிந்துபோவதில் இந்த நொதிக்கும் பங்கு உண்டு. இஞ்சியைத் தட்டி முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பாலை ஊற்றினால் பிரச்சினை இல்லை. கொதியில் நொதி அழிந்துவிடும், காரமும் மணமும் தங்கிவிடும்.

சீஸ் செய்யவும் இதே மயிர் நறுக்கும் வேலைதான் தேவைப்படுகிறது. பால்குடி மறவாத கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருளில் அதற்கான நொதி இருக்கிறது. போர்ச்சுகலின் செர்ரா த எஷ்ட்ரெலா மலைப்பகுதியில் ஆட்டுப்பாலை உறைய வைக்க ஒரு முட்செடியின் உலர்ந்த பூவை ஊறவைத்துச் சேர்க்கிறார்கள். இன்று பெரும்பாலான ஆலைகள் பயன்படுத்துவது நுண்ணுயிர்களை வளர்த்து எடுக்கும் நொதியை. இதற்கு அமெரிக்க அரசு 1990இல் அனுமதி கொடுத்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீஸுக்குப் பால் உறைவது 30, 35 டிகிரி சூட்டில். அந்தச் சூட்டில் தெளிநீர்ப் புரதங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. முழுசாக நீரோடு வெளியே போய்விடுகின்றன. பன்னீர் செய்வது கொதிக்கக் காய்ச்சிய பாலில். அங்கே தெளிநீர்ப் புரதங்கள் ஏற்கெனவே குலைந்து கேசினோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், எலுமிச்சை பிழிந்ததும் இரண்டும் சேர்ந்தே திப்பியாகின்றன. கெட்டித் தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சச் சொல்வதும் இதற்காகத்தான். காய்ச்சாத பாலில் உறை ஊற்றினால் தயிர் தளர்ந்து, சீக்கிரமே நீர் விட்டுக்கொள்ளும்.

இத்தாலியர்கள் சீஸ் வடித்த நீரைக் கொட்டுவதில்லை. அதை 80, 90 டிகிரிக்குச் சூடாக்கினால் தெளிநீர்ப் புரதங்கள் மெல்லிய பஞ்சுத் துணுக்குகளாக மேலே வரும். அள்ளி வடிகட்டினால் ரிக்கோட்டா. பன்னீர் வடித்த நீரில் இதைச் செய்து பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதில் எடுப்பதற்குப் புரதம் அதிகம் இல்லை.

சைப்ரஸ் நாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஆட்டுப்பாலில் ரென்னெட் ஊற்றி உறைய வைத்து, திப்பியை அழுத்தித் தட்டையாக்குகிறார்கள். வடிந்த நீரைச் சூடாக்கி, அதிலிருந்து ரிக்கோட்டா போன்ற அனாரியை அள்ளிவிடுகிறார்கள். எஞ்சிய நீர் 90 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது முன்பு அழுத்திய துண்டுகளை அதிலேயே போட்டு வேகவைத்து, உப்பும் புதினாவும் வைத்து மடிக்கிறார்கள். இதுதான் ஹலூமி. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பெயருக்குச் சைப்ரஸ் மட்டுமே உரிமையாளர். தோசைக்கல்லில் போட்டால் ஹலூமி சிவக்கும், உருகாது. கோடையில் தர்பூசணித் துண்டோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

ஏன் உருகுவதில்லை என்பது சுவையான விஷயம். பீட்சா மேல் இழுபடும் மொசரெல்லாவில் பி.எச். சுமார் 5.2 வரை புளிக்க விடுகிறார்கள். கால்சியப் பிணைப்பில் ஒரு பகுதி கரைந்து, ஒரு பகுதி நிற்கும். சூட்டில் கேசின் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓட அந்தப் பாதிப் பிணைப்பே காரணம். ஹலூமியில் புளிப்பே ஏற விடுவதில்லை. கால்சியம் அத்தனையும் உள்ளேயே இறுக்கிப் பிடித்திருக்கும். பன்னீரில் நிலைமை வேறு. புளிப்பு கால்சியத்தை வெளியேற்றிவிடுகிறது, கேசின்கள் நேரடியாக ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, போதாததற்குத் தெளிநீர்ப் புரதமும் கோத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பன்னீர் கிரேவியில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கிறது. கொதிக்கக் கொதிக்க நீரை இழந்து ரப்பராகும். ஹோட்டல் பன்னீர் சில சமயம் மெல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

ரிக்கோட்டாவும் எடுத்த பிறகு மிஞ்சும் நீரில் என்ன இருக்கிறது? பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ். நார்வேக்காரர்கள் சீஸ் வடித்த நீரை மணிக்கணக்கில் காய்ச்சி, சர்க்கரையும் மிச்சப் புரதமும் வினைபுரிந்து பழுப்பேறும் வரை சுண்டவிடுகிறார்கள். 1863இல் குட்பிராண்ட்ஸ்தால் பள்ளத்தாக்கில் அன்னே ஹோவ் என்ற பண்ணைப் பெண் அதில் பாலேட்டையும் கலந்து காய்ச்சினார். அந்தப் பழுப்புச் சீஸ் ஊருக்கே வருமானமானது. 1933இல் அரசர் அவருக்குப் பதக்கம் அளித்தார். திரட்டுப்பால் சாப்பிட்ட நாக்குக்கு அதன் சுவை அந்நியமாக இருக்காது. கொழுப்பும் சர்க்கரையும் அவ்வளவு செறிந்த பொருள். 2013 ஜனவரியில் நார்வேயின் வடக்கே ஒரு சுரங்கப்பாதையில் 27 டன் பழுப்புச் சீஸ் ஏற்றிய லாரி தீப்பிடித்து, நாலைந்து நாள் எரிந்தது.

அர்ஜென்டினாவின் பால் இனிப்பான துல்சே தே லெச்சேவும் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதே பழுப்பு வினையின் பிள்ளைகள்தான். பால் சுண்டச் சுண்ட அதன் அமிலத்தன்மை கூடுவதால், அர்ஜென்டினாவில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுத் திரியாமல் காக்கிறார்கள். சோடா போட்டால் நிறமும் சீக்கிரம் ஏறும்.

தயிரைக் கொதிக்க வைக்கும் சமையலுக்கு வருவோம். தயிரில் கேசின் ஏற்கெனவே புளிப்பால் ஒட்டி நிற்கிறது. சூடு பட்டால் இன்னும் இறுகி, நீரைப் பிழிந்து தள்ளிவிட்டு மணல் மணலாகும். மோர்க்குழம்புக்கு ஊறவைத்த துவரம்பருப்பையும் அரிசியையும் தேங்காயோடு அரைத்துக் கலப்பது சுவைக்கு மட்டும் இல்லை. அவற்றின் மாவுச்சத்து சூட்டில் ஊதிக் குழைந்து, கேசின் துணுக்குகள் ஒன்றோடொன்று சேராமல் இடையே நிற்கிறது. நுரை கட்டிப் பொங்கி வரும்போதே இறக்கிவிடச் சொல்வது கூடுதல் பாதுகாப்பு. வட இந்தியாவின் மோர்க்குழம்பான கடிக்குக் கடலைமாவு. துருக்கியில் தயிர் சூப்புக்குக் கோதுமை மாவும் முட்டை மஞ்சள் கருவும். கடைசியில் வெண்ணெயில் பொரித்த உலர்ந்த புதினா.

ஜோர்டானின் மன்சஃப் விருந்துக்கு, உப்பிட்டு வெயிலில் கல்லாகக் காயவைத்த ஆட்டுத்தயிர் உருண்டையை ஊறவைத்துக் கரைத்து, அதில் ஆட்டிறைச்சியை வேகவைக்கிறார்கள். யுனெஸ்கோ 2022இல் இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பக்கத்துச் சமையலில் தயிர் கொதி வரும்வரை ஒரே திசையில்தான் கிளற வேண்டும், திசை மாறினால் திரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. புரதத்துக்குத் திசை தெரியாது. விடாமல் கிளறுவதுதான் காரியம்.

எல்லாரும் திரிவதற்குப் பயப்படுகிறார்கள் என்றும் இல்லை. இத்தாலியின் பொலோனியாப் பகுதியில் பன்றி இறைச்சியைப் பாலிலேயே வேகவைத்து, பால் திரிந்து பழுப்புக் கட்டிகளாகும் வரை காத்திருந்து, அந்தக் கட்டிகளையே வழித்து இறைச்சி மேல் போடுகிறார்கள்.

வீட்டில் பன்னீர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். அதில் லாக்டோஸும் தாது உப்புகளும் ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினும் இருக்கின்றன. அந்தப் பச்சை கலந்த மஞ்சள் நிறமே ரைபோஃப்ளேவினால் வருவதுதான். சப்பாத்தி மாவு பிசையலாம், பருப்பு வேகவைக்கலாம். வங்காளத்து மிட்டாய்க் கடைகளில் செய்வதைப் போல புளிக்கவிட்டு, மறுநாள் எலுமிச்சைக்குப் பதிலாகப் பால் திரிக்கவும் பயன்படுத்தலாம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடாமுடா என்கிறது என்பவர்கள் மட்டும் இந்த நீரைத் தொட வேண்டாம். பாலின் லாக்டோஸில் பெரும்பகுதி அதில்தான் இறங்கியிருக்கிறது. அதனாலேயே பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குப் பன்னீர் ஒத்துக்கொள்கிறது.