ஒற்றைத் தலையிடி

“தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது நம்மவரிடை வழங்கும் பழமொழி. காய்ச்சலையேனும் பிறர் தொட்டறியலாம். தலையிடியை அவ்வாறு அறிய வழியில்லை. ஆதலாலன்றோ ஒற்றைத் தலையிடியால் வருந்துவோரைச் சாட்டுச் சொல்வோரென நாம் எளிதிற் கருதிவிடுகின்றோம். அது சாட்டன்று, மூளையையும் நரம்பையும் பற்றிய உண்மையான நோயேயாம்.

இந்நோய் புதியதுமன்று. யாழ்ப்பாணத்து வைத்திய நூலாகிய பரராசசேகரம் தலையைப் பற்றும் நோய்களைச் சிரரோகம் எனத் தனியே வகுத்துக் கூறுகின்றது. இன்று உலகில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவரை ஒற்றைத் தலையிடி வருத்துகின்றது. ஆடவரிலும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றும். குடும்பவழி தொடர்வதும் உண்டு.

வலி பெரும்பாலும் தலையின் ஒரு பாதியில் நாடி துடிப்பதுபோல் எழும். சிலருக்கு இருபுறமும் வரும். குமட்டலும் வாந்தியும் உடன்வரும். வெளிச்சமும் ஓசையும் பொறுக்கலாகா. வைத்தியஞ் செய்யாவிடின் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்னர்க் கண்ணெதிரே வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தோன்றி, ஒரு மணி நேரத்துள் மறையும். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு தூண்டப்பட்டு, மூளையைச் சூழ்ந்த உறைகளில் வலியை எழுப்புதலே இதன் இயல்பு.

நோயைத் தூண்டுவன யாவை? உறக்கக் கேடு, உணவு தவறுதல், நீர் குறைதல், மனக்கவலை, பெண்களுக்கு மாதவிடாய் என்பன. மயிலிட்டிக் கடற்றொழிலாளர் இரவிரவாக விழித்திருந்து, காலை வெயில் நீரிற்பட்டுக் கண்ணிற் றெறிக்கக் கரைசேர்ந்து, நேரந்தவறி உண்பதை நோக்குக. இத்தூண்டுகோல்கள் பல அங்கே ஒருங்கு கூடுகின்றன. வலி வந்த நாள், உண்டது, உறங்கியது ஆகியவற்றைக் குறித்துவைப்பின் தமக்குரிய காரணத்தை ஒருவர் தாமே அறியலாம்.

வலி தொடங்கியவுடன் இருண்ட அறையிற் படுத்து, பரசிற்றமோல் போன்ற குளிசையை உரிய அளவில் உட்கொள்ளுதல் நலம். ஆயின் மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ இக்குளிசைகளை விழுங்கிவரின் மருந்தே தலையிடியை வளர்க்கும். வலி அடிக்கடி வருவோர் வைத்தியரை நாடுக. வராது தடுக்கும் மருந்துகளும் உள.

சில தலையிடிகள் ஒற்றைத் தலையிடி அல்ல. அவை உயிருக்கே கேடு தரலாம். இடி விழுந்தாற்போலத் திடீரெனத் தோன்றும் கடும்வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். கைகால் வழங்காமை, பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு. தலையில் அடிபட்டபின் வரும் வலி. இவற்றுள் ஒன்று காணினும் அப்பொழுதே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 50 வயதுக்கு மேற் புதிதாகத் தோன்றும் தலையிடியையும், கருவுற்ற காலத்துக் கடுந்தலையிடியையும் தாமதியாது காட்டுதல் வேண்டும்.

முன்னாளில் மயிலிட்டியிற் காசநோய் வைத்தியசாலை ஒன்று விளங்கிற்று. 1990 ஆம் ஆண்டுப் போரில் ஊரவர் இடம்பெயர்ந்தனர். 2017 இல் துறைமுகமும் நிலத்தின் ஒரு பகுதியும் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தன. மீண்டு குடியேறினோர்க்கு அண்மையிலுள்ளது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அவசரவேளையில் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைப்பின் நோயாளர் வண்டி இலவசமாக வரும்.

கற்றோராகிய நாம் இவற்றை நம் இல்லத்தார்க்கும் அயலார்க்கும் எடுத்துரைப்போமாக. இருட்டறையிற் படுத்திருப்பவரை எழுப்பி ஏசாதிருத்தலும் நாம் செய்யத்தக்க உதவியே.