ஊசி குத்தினா வயிறு சரியாகுமா? ஆய்வுகளைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்

தரங்கம்பாடியில எங்க தெருவுல ரெண்டு பேருக்காவது இந்தப் பிரச்சினை இருக்கு. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடும், உப்புசம், மேல்வயித்துல எரிச்சல். எண்டோஸ்கோபி எடுத்தா "ஒண்ணுமில்ல"ன்னு ரிப்போர்ட் வரும். இதுக்குப் பேரு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. அடுத்து யாராவது அக்குபங்சர் போகச் சொல்வாங்க. போனவங்க "நல்லா இருக்கு"ங்கறாங்க. பொய் சொல்லல. ஆனா அது ஆதாரம் ஆகுமா?

சிக்கல் என்னன்னா, இந்த நோயை அளக்க மீட்டர் கிடையாது. நோயாளி சொல்ற பதில்தான் ரீடிங். இது தானாவே ஏறி இறங்கும் நோய். ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் நாம வைத்தியம் தேடிப் போவோம். அதுக்கப்புறம் எப்படியும் கொஞ்சம் குறையும். அதனாலதான் போலி ஊசி குத்திய இன்னொரு குரூப்போட ஒப்பிடணும்.

2014-ல கோக்ரேன் அமைப்பு இந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. 7 ட்ரையல், மொத்தமே 542 பேர். ஆதாரம் மிகத் தாழ்ந்த தரம், பலன் இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாதுன்னு முடிச்சாங்க. "பலன் இல்லை"ன்னு நிரூபணம் ஆனதா இதைப் படிக்கக் கூடாது.

2020-ல இதைவிட நல்ல ட்ரையல் ஒண்ணு வந்தது. சீனாவுல 5 மருத்துவமனை, 278 பேர், 4 வாரத்துல 12 முறை ஊசி. முன்னேற்றம்னு சொன்னவங்க நிஜ ஊசியில 83 சதவீதம், போலி ஊசியில 51.6. அந்த ரெண்டாவது நம்பரைக் கவனிங்க. புள்ளியே இல்லாத இடத்துல லேசா குத்தினதுக்கே பாதிப் பேருக்கு மேல தேவலைன்னு சொல்லியிருக்காங்க! மூணு முக்கியத் தொந்தரவும் முழுசா போனவங்க 27.8, 17.3 சதவீதம்தான். வித்தியாசம் இருக்கு, மறுக்கல. ஆனா ஊசி குத்துறவருக்கு எது நிஜம்னு தெரியும். மாத்திரை ட்ரையல்ல அதை மறைச்சிடலாம், இங்க முடியாது.

இன்னொண்ணு. 1998-ல வந்த ஒரு ஆய்வுல சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் அக்குபங்சர் ட்ரையல்கள் எல்லாமே பாசிட்டிவ்! லேப் ரெக்கார்டுல எல்லா ரீடிங்கும் தியரி வேல்யூவுக்கே வந்தா நம்ம சாரே சந்தேகப்படுவாரு.

2019-ல மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையா அங்கீகரிச்சதைச் சிலர் ஆதாரமா காட்டுறாங்க. அது நிர்வாக முடிவு, ட்ரையல் ரிசல்ட் இல்ல.

நம்ம ஊர்ல நாடி பார்த்து ஒரே புள்ளியில குத்துறவங்க, விரலால தொட்டு மட்டும் அனுப்புறவங்க நிறைய. சீனாவுல சோதிச்சது அது இல்ல. அந்த 83-ஐ இங்க ஒட்ட முடியாது. "எல்லா மாத்திரையும் நிறுத்துங்க"ன்னு சொன்னா அதுக்கு இந்த ஆய்வுல எந்த ஆதரவும் இல்ல.

எடை குறையுது, மலம் கறுப்பா போகுது, விழுங்கக் கஷ்டம், வாந்தியில ரத்தம், இதுல ஏதாவது இருந்தா ஊசி அப்புறம். முதல்ல வயிறு டாக்டர்.